மூணாம் நம்பர் சிஸ்டம்

2024 நவம்பர் 9, சனிக்கிழமை. பிற்பகல் மணி 2.20. வெள்ளிமலைப் பேருந்து நிறுத்தத்தில் அம்சவள்ளி கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நிறுத்தத்தில் புளியமரத்துக்குத் தெற்கே நான்கடி தள்ளி நின்றால்தான் சிக்னல் எடுக்கும் என்பது அவளுக்கு மூன்று வருடப் பழக்கம். மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் ஆய்வக நுட்பநர். ரத்தம், சளி, சிறுநீர் என்று நாளெல்லாம் கண்ணாடித் தகடுகளைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை மதியம் அம்மாவைப் பார்க்கக் கீழே இறங்குவாள். கள்ளக்குறிச்சிப் பேருந்து வர இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

சும்மா நின்ற நேரத்தில், பத்து வருடமாக எழுதிப் பார்க்காத ஒரு பெயரைத் தேடலில் எழுதினாள். சால்ட்ஹேவன்.

ஒன்றும் வராது என்றுதான் நினைத்தாள். அந்த விளையாட்டு 2014 மார்ச் 31 அன்று மூடப்பட்டுவிட்டது. நடத்தியவர்கள் கடையைச் சாத்தியதோடு, அதற்குள் இருந்த ஊர், துறைமுகம், உப்பளம் எல்லாமும் போய்விட்டன. ஆனால் ஒரு பக்கம் திறந்தது. ஏழெட்டு நாடுகளைச் சேர்ந்த பழைய ஆட்டக்காரர்கள் ஒன்றுகூடி, மூடிய நாளில் இருந்த உலகத்தை அப்படியே மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். நானூறுக்கு நானூறு கட்டம் கொண்ட வரைபடத்தில் முக்கால்வாசிக்கு மேல் வண்ணம் ஏறியிருந்தது. தென்கிழக்கு மூலை மட்டும் சாம்பல் நிறம். அதன் மேல், குறிப்பு ஏதும் கிடைக்கவில்லை, 2025 ஜனவரி 12க்குள் ஆதாரம் வராவிட்டால் இப்பகுதி கடலாக வைக்கப்படும் என்று எழுதியிருந்தது.

அம்சவள்ளி அதை இரண்டு தடவை படித்தாள். அந்த மூலையில்தான் மூன்று வருடம் அவள் குடியிருந்தாள்.

*

2011 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை. அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. எல்லாம் விழுப்புரம் மாவட்டம். அம்சவள்ளி எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டிய கோடை விடுமுறையின் கடைசி நாட்கள். மணலூர்பேட்டைக் கடைத்தெருவில் நாலே நாலு கணினியோடு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கூடப் படித்த அஜித்குமார்தான் கூட்டிப் போனான். அவன் அங்கே ஏற்கெனவே பழம் தின்று கொட்டை போட்டவன் போல நடந்துகொண்டான்.

அங்கே எல்லாரும் ஆடிய ஆட்டம் சால்ட்ஹேவன். பிள்ளைகள் வாயில் அது 'சால்ட்டு'. கடலோரத்தில் ஒரு கட்டம் நிலம் பிடிக்க வேண்டும். உப்புப் பாத்தி கட்ட வேண்டும், படகு விட வேண்டும், அக்கம்பக்கத்துக் குடிகளோடு சேர்ந்து ஊர் எழுப்ப வேண்டும். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் ஒரே வரைபடத்தில் ஆடினார்கள். எல்லாருக்கும் நடுத் துறைமுகத்தில் இடம் பிடிக்கத்தான் ஆசை. ஆனால் மணலூர்பேட்டை இணைப்பில் நடுத் துறைமுகத்தைத் திறந்தால், அங்கிருக்கும் அத்தனை வீடும் படகும் திரைக்கு வந்து சேருவதற்குள் பதினைந்து நிமிடம் போய்விடும். அம்சவள்ளிக்கு வீட்டில் கிடைத்த அனுமதியோ வாரத்துக்கு அரை மணி நேரம்.

முதல் மூன்று வாரம் அவள் திரை நிரம்புவதைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினாள். நாலாவது வாரம் ஒரு யோசனை வந்தது. ஆளே இல்லாத இடத்துக்குப் போனால் வருவதற்கு என்ன இருக்கிறது? வரைபடத்தின் தென்கிழக்குக் கோடிக்குப் போனாள். சேறும் நாணலும்தான். பதினொரு வினாடியில் திறந்தது.

"அங்க போயி இன்னா பண்ணப்போற? ஒரு நாய் கூட இல்ல" என்றான் அஜித்குமார்.

"நாய் இல்லாததாலதான்டா தொறக்குது" என்றாள்.

அடுத்த மாதம் அவனும் அங்கேயே குடிவந்துவிட்டான். அவர்களைப் பார்த்து மணலூர்பேட்டைப் பிள்ளைகள் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். அந்த மூலைக்கு அவர்கள் வைத்த பெயர் அக்னி மூலை. ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் ஆட்டம் ஏற்காது என்பதால், மணலூர்பேட்டையில் பேட்டையை வெட்டிவிட்டு 'மணலூர்' என்று நட்டார்கள்.

அரை மணி நேரத்தில் ஊர் கட்டுவது லேசான காரியமில்லை. அதனால் அம்சவள்ளி ஆட்டத்தை வீட்டிலேயே, கட்டம் போட்ட நோட்டில் ஆடினாள். திங்கள் முதல் சனி வரை பென்சிலால் பாத்தி வெட்டுவாள், அழிப்பாள், மறுபடி வெட்டுவாள். ஞாயிறு காலை நோட்டோடு போய், எழுதி வைத்ததை வரிசையாகச் செய்துவிட்டு எழுந்துவிடுவாள். இடையிடையே புதிதாகக் கண்ட இடங்களைத் தேதியோடு குறித்துக்கொள்வாள். தன் வீட்டுக் கொடிக்கம்பத்திலிருந்து வலது அம்புக்குறியை எத்தனை தடவை தட்டினால் அந்த இடம் வருகிறது என்று எண்ணி எழுதுவாள். அவள் வீடு அந்த மூலையின் மேற்கு ஓரத்தில் இருந்ததால் எல்லாமே வலது பக்கம்தான். கிணறு 9. நாணல் திட்டு 15. கலங்கரை விளக்கம் 11. ஒரு தடவை எண்ணியதை மறுபடி எண்ணியதில்லை, அதற்கு நேரமில்லை.

சென்டரைப் பார்த்துக்கொண்ட ராதிகா, "எல்லாரும் வெளையாட வராங்க, நீ இன்னாம்மா பரீட்ச எழுத வந்தாப்புல வர்ற" என்று சிரிப்பாள். ராதிகாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. வருகிறவர்களின் பெயர், முகவரி, உட்கார்ந்த கணினியின் எண், வந்த நேரம், போன நேரம் எல்லாம் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். மற்ற இடங்களில் எப்படியோ, ராதிகாவிடம் எட்டு வயதுப் பிள்ளையும் கையெழுத்துப் போடாமல் நாற்காலியில் உட்கார முடியாது.

விளையாட்டை மூடப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது அம்சவள்ளிக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கடைசி ஞாயிறான மார்ச் 30 அன்று அவள் போகவில்லை. போயிருக்கலாம் என்று பின்னால் பல நாள் நினைத்தாள். தேர்வில் 462 எடுத்தாள்.

*

நோட்டு அம்மா பூமாலையின் தகரப் பெட்டியில், குடும்ப அட்டைக்குக் கீழே இருந்தது. "கணக்கு நோட்டாச்சே, அதப் போயி தூக்கிப் போடுவனா?" என்றாள் பூமாலை. அது எந்தக் கணக்கு என்று அம்சவள்ளி சொல்லவில்லை.

அறுபத்தொரு இடங்கள் அதில் இருந்தன. நவம்பர் 13 அன்று ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி அனுப்பினாள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் போலந்தைச் சேர்ந்த மரேக் என்பவர். வரைபடத்துக்கு அவர்தான் பொறுப்பு.

நினைவிலிருந்து சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை, அந்தக் காலத்தில் எழுதிய குறிப்பை ஏற்போம், உங்கள் நோட்டு அருமையானது என்று தொடங்கியிருந்தார். ஆனால் அந்த மூலையைப் பற்றி எங்களிடம் ஒரே ஒரு படம் இருக்கிறது. 2013இல் ஆட்டத்தில் படகோட்டி அந்த வழியாகப் போன ஒருவர் எடுத்தது. அதில் உங்கள் கொடிக்கம்பத்திலிருந்து கிணறு ஒன்பதாவது கட்டத்தில் இருக்கிறது. சரி. கலங்கரை விளக்கம் இருபத்திரண்டாவது கட்டத்தில் இருக்கிறது. நீங்கள் பதினொன்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று தவறானால் மற்றவற்றை எப்படி நம்புவது? இதற்கு விளக்கம் கிடைக்காவிட்டால் நோட்டை ஏற்க இயலாது.

அம்சவள்ளிக்கு முகம் சுட்டது. அவள் எழுதும் ஒவ்வொரு ஆய்வு முடிவையும் பார்த்துத்தான் மருத்துவர் மாத்திரை எழுதுகிறார். மூன்று வருடத்தில் ஓர் எண்ணைக்கூட அவள் திருத்தி எழுத நேர்ந்ததில்லை. கலங்கரை விளக்கம் அவர்கள் எட்டுப் பேர் ஏழு ஞாயிறு கல் சேர்த்துக் கட்டியது. பதினொன்று என்று தான் எண்ணியது சத்தியம். தட்டிய விரல்கூட ஞாபகம் இருந்தது. ஆனால் படம் பொய் சொல்லாதே.

டிசம்பர் முதல் வாரம் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தது. ஊர்ப்பக்கம் வாழைத்தோப்புகளும் கரும்பும் தண்ணீரில் கிடந்தன. அந்த நாட்களில் விளையாட்டைப் பற்றி யாரிடம் பேச முடியும்? தண்ணீர் வடிந்த பிறகு, டிசம்பர் 8 ஞாயிறு அன்று, மணலூர்பேட்டை டீக்கடையில் அஜித்குமாரைப் பார்த்தாள். அவன் இப்போது ஜேசிபி ஓட்டுகிறான். எலவனாசூர்கோட்டைப் பக்கம் இருந்த வேலையை விட்டுவிட்டு, வெள்ளம் அரித்த கரைகளில் மண் தள்ள வந்திருந்தான். முழங்கால் வரை சேறு.

"இன்னா டாக்டரம்மா, மூஞ்சி தொங்கிப் போய்க்கீது?"

"நான் டாக்டரும் இல்ல, அம்மாவும் இல்ல. இதப் படி."

அவன் கைப்பேசியை வாங்கிப் பார்த்தான். "இங்கிலீஸ்ல எழுதிக்கிறான். திட்றானா, புகழ்றானா?"

"மரியாதையா திட்றான்" என்று சொல்லி, விஷயத்தை முழுதாகச் சொன்னாள்.

"கெணறு சரியா வருது. லைட்டவுசு மட்டும் பதினொண்ணு. அவன் இருவத்திரெண்டுன்றான்." அஜித்குமார் மசால்வடையைப் பாதி கடித்தபடி நிறுத்தினான். "அப்டியே டபுளு. ஏய் அம்சா, அன்னிக்கு நீ எந்த சிஸ்டத்துல ஒக்காந்திருந்த?"

"யாருக்குத் தெரியும்? ஏன்?"

"மூணாம் நம்பரு துள்ளுமே! வலதுபக்கம் ஒரு தட்டு தட்னா ரெண்டு கட்டம் போவும். அந்த பட்டன் கெட்டுப்போயி கெடந்துதே. படகு சீக்கிரம் போவும்னு நான் அந்த சிஸ்டத்துக்குத்தான எல்லார்கூடயும் சண்ட போடுவேன்!"

அம்சவள்ளி டீ கிளாஸை மேசைமேல் வைத்தாள். அவளுக்கும் அது தெரியும். சென்டருக்கு வந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. தட்டியதை எண்ணினாள், எண்ணியதை எழுதினாள். எந்தக் கணினியில் தட்டினாள் என்று எழுதவில்லை.

"அவ்ளோதான? ஒத்துவராதத எல்லாம் ரெண்டால பெருக்கி அனுப்பிடு" என்றான் அஜித்குமார். "அவன் இன்னா போலந்துலேர்ந்து பஸ்ஸு புடிச்சா வரப்போறான்?"

"எது ஒத்துவரும், எது வராதுன்னு எப்டிடா தெரியும்? அவங்ககிட்ட இருக்கறது ஒரே படம். அதுல தெரியறது ரெண்டே எடம். மீதி அம்பத்தொம்பது?"

"அப்ப ராதிகாக்காவதான் கேக்கணும்."

*

ராதிகா இப்போது திருக்கோவிலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். டிசம்பர் 15 அன்று இருவரும் போய் நின்றபோது, வெள்ளத்தில் நனைந்த காகிதங்களை வாசலில் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பழைய ரிஜிஸ்டர்லாம் இன்னா ஆச்சிங்க்கா?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"எது, சென்டரு ரிஜிஸ்டரா? நாலு இருந்துச்சி."

"இருந்துச்சியா?"

"இருக்குது. எதுக்கு இப்டி பதற்ற? சென்டர மூடறப்ப ஓனரு, ஒரு வருசம் பத்திரமா வெச்சிருக்கணும்னாரு. ஒரு வருசம் கழிச்சித் தூக்கிப் போடுன்னு யாரும் சொல்லல. டிவிக்கு அடில எடுப்பா இருக்கும்னு வெச்சேன். தண்ணி வந்தன்னிக்கு எங்க வூட்டுக்காரரு டிவியப் பரண்மேல ஏத்தனாரு. அது வெறுந்தரையில ஆடும்னு இதயும் கூடவே ஏத்தினேன்."

"அந்த டிவி நல்லா இருக்கட்டும்" என்றான் அஜித்குமார்.

"டிவி போயிடுச்சிப்பா. ஏத்தறப்ப கீழ உட்டுட்டாரு."

நான்கு பதிவேடுகளும் பழுப்பு அட்டையோடு முழுசாக இருந்தன. மூவரும் கடையின் உள்ளறையில் உட்கார்ந்தார்கள். அம்சவள்ளி நோட்டிலிருந்து தேதியை வாசிப்பாள்; ராதிகா பதிவேட்டில் அந்த ஞாயிறைப் புரட்டிக் கணினியின் எண்ணைச் சொல்வாள்; அஜித்குமார் ஒரு தாளில் குறிப்பான்.

"2012 பிப்ரவரி 19. லைட் ஹவுஸ். பதினொண்ணு."

ராதிகாவின் விரல் வரிசை வரிசையாக இறங்கியது. "அம்சவள்ளி, எட்டாம் வகுப்பு. வந்தது பத்து பத்து. போனது பத்து நாப்பது." விரல் ஓரமாக நகர்ந்தது. "சிஸ்டம் மூணு."

அஜித்குமார் தாளில் 22 என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டான்.

கிணறு: சிஸ்டம் ஒன்று. நாணல் திட்டு: நாலு. பெரிய உப்பளம்: மூன்று. அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் வேலை நடந்தது. 147 ஞாயிறுகளில் அம்சவள்ளி 103 முறை வந்திருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மின்வெட்டு மோசமாக இருந்த 2012ஆம் வருடப் பக்கங்களில் சிவப்பு மையும் இருந்தது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் முதல் இரண்டு கணினி மட்டும்தான் ஓடும். மூன்றிலும் நாலிலும் உட்கார்ந்தவர்களை ராதிகா எழுப்பி மாற்றி உட்காரவைப்பாள். மாற்றிய எண்ணைச் சிவப்பில் எழுதுவாள். ஒரு போலீஸ்காரர்கூட அதைக் கேட்டதில்லை.

"ஏங்க்கா இவ்ளோ எழுதினீங்க?" என்றாள் அம்சவள்ளி.

"எழுதச் சொன்னாங்க, எழுதினேன்."

முடிவில் கணக்கு இப்படி வந்தது. முப்பத்தெட்டு இடங்கள் மற்ற மூன்று கணினிகளில் எண்ணியவை. நோட்டில் உள்ளது உள்ளபடியே சரி. இருபத்திரண்டு இடங்கள் மூன்றாம் எண்ணில் எண்ணியவை. இரண்டால் பெருக்க வேண்டும். மிச்சம் ஒன்றே ஒன்று. மணலூரின் ஓடைப் பாலம், ஏழு தட்டு. தேதி 2012 அக்டோபர் 14. அன்று அம்சவள்ளி 10.05க்கு மூன்றாம் எண்ணில் உட்கார்ந்திருக்கிறாள், 10.20க்கு கரண்ட் போய் ஒன்றாம் எண்ணுக்கு மாறியிருக்கிறாள். பாலத்தை எண்ணியது 10.20க்கு முன்பா, பின்பா?

அம்சவள்ளி கண்ணை மூடி யோசித்தாள். பாலத்தின் மரப்பலகைகள் ஞாபகம் வந்தன. அஜித்குமார் அதன்மேல் ஆடு ஓட்டியது ஞாபகம் வந்தது. நேரம் மட்டும் வரவில்லை.

"பதினாலுன்னு போடு" என்றான் அஜித்குமார். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது, தூரமாதான் இருக்கும்."

"உனக்கு எல்லாமே தூரம்தான். நடக்க சோம்பேறி."

"அப்ப ஏழுன்னு போடு. ஏதோ ஒண்ணு போடு. அறுவது சரியா இருக்கறப்ப அறுவத்தி ஒண்ணாவது யாரு கேக்கறா?"

அவள் பாலத்துக்கு எதிரே, தெரியவில்லை என்று எழுதினாள்.

டிசம்பர் 24 அன்று வெள்ளிமலை நிறுத்தத்தில், புளியமரத்துக்குத் தெற்கே நான்கடி தள்ளி நின்று, பதிவேட்டின் படங்களும் திருத்திய பட்டியலும் அனுப்பினாள். எல்லாம் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. ஒரு பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் போனாள்.

பதில் ஜனவரி 3 அன்று வந்தது. இந்த முறை மரேக் நீளமாக எழுதவில்லை. நாங்கள் மூன்று வருடமாக இந்த வேலையைச் செய்கிறோம், உலகத்தின் எந்த மூலைக்கும் இப்படி ஓர் ஆதாரம் வந்ததில்லை. அறுபது இடங்களையும் ஏற்கிறோம். பாலத்தைப் பற்றித் தெரியாது என்று சொன்னீர்களே, அதைப் படித்த பிறகுதான் மற்ற அறுபதையும் முழுதாக நம்பினேன். அவ்வளவுதான்.

அதை ஆய்வக மேசையில் வைத்துப் படித்தாள். பக்கத்தில் மலைக்காரப் பெண் ஒருத்தி ரத்தம் கொடுக்கக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னாம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டாள்.

"எங்க ஊரு திரும்ப கெடச்சிடுச்சிங்க" என்றாள் அம்சவள்ளி. அவள் வெள்ளத்தைச் சொல்கிறாள் என்று அந்தப் பெண் எடுத்துக்கொண்டு, "சாமி காப்பாத்துச்சி" என்றாள்.

*

2025 பிப்ரவரி 2, ஞாயிறு. சால்ட்ஹேவன் மறுபடி திறந்தது. திருக்கோவிலூர் ஜெராக்ஸ் கடையின் ஒற்றைக் கணினிக்கு முன்னால் மூவரும் கூடினார்கள். உட்காரப் போன அம்சவள்ளியை ராதிகா தடுத்தாள். நாலாவது பதிவேட்டில் கடைசி பதினொரு பக்கம் காலியாக இருந்தது. அதை விரித்து நீட்டினாள்.

"எழுதிட்டு ஒக்காரு."

அம்சவள்ளி பெயர் எழுதினாள். முகவரியில் வெள்ளிமலை. சிஸ்டம் ஒன்று. வந்த நேரம் 10.10.

வரைபடத்தில் தென்கிழக்கு மூலை பச்சையாக இருந்தது. மேலே ஆங்கிலத்தில் அக்னி மூலை என்று பெயர். ஆதாரம் என்ற இடத்தில் இரண்டு வரி: அம்சவள்ளி, நோட்டு, 2011–2014. ராதிகா, பதிவேடு, 2011–2014. ராதிகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு தன் பெயரைப் படித்தாள்.

"நம்ம பேர ஆட்டத்துல எழுதி இப்பதான் பாக்கறேன்" என்றாள். "நல்லாதான் இருக்குது."

"என் பேரு எங்க? டபுளுன்னு கண்டுபுடிச்சது யாரு?" என்றான் அஜித்குமார்.

"நீ எதையாச்சும் எழுதி வெச்சியா? இல்லல்ல."

கொடிக்கம்பத்திலிருந்து வலது அம்புக்குறியை அஜித்குமார் தட்டினான். அம்சவள்ளி வாய்விட்டு எண்ணினாள். ஒன்பதில் கிணறு வந்தது. பதினைந்தில் நாணல் திட்டு. இருபத்திரண்டில், ஏழு ஞாயிறு கல் சுமந்து கட்டிய கலங்கரை விளக்கம், சற்றுக் கோணலாக, அப்படியே நின்றது.

அங்கிருந்து மணலூர்ச் சந்தைக்குப் போக ஓடையைத் தாண்ட வேண்டும். ஓடை இருந்தது. பாலம் இல்லை. சுற்றிக்கொண்டு போனால் நாற்பத்தாறு கட்டம்.

"பாத்தியா?" என்று அஜித்குமார் தலையில் அடித்துக்கொண்டான். "ஏழுன்னோ பதினாலுன்னோ ஒண்ணு எழுதித் தொலச்சிருந்தா, இப்ப ரெண்டு தட்டுல தாண்டியிருக்கலாம். உன்னால நாப்பத்தாறு தட்டணும்."

"தட்டு" என்றாள் அம்சவள்ளி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. "நான் எண்ணறேன்."